ஒரு நாள் பினாங்கு, அரை பிளேட் அரை பிளேட்டா!

போன இதழ்ல கடைசிப் பக்கத்துல ரெண்டே வரிதான் எழுதினேன். மலேசியாவுல இருக்கிற பினாங்குத் தீவுக்குப் போயிட்டு வந்தேன், அங்க தலைநகரான ஜார்ஜ் டவுன்ல ஒரே ஒரு நாள்தான் கிடைச்சுது, காலும் வீங்கி வயிறும் வீங்கி ரூமுக்குத் திரும்பினேன்னு. அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு சத்தியமா நினைக்கல. பாதி பேரு "எங்க சாப்டீங்க"ன்னு கேக்குறீங்க, மீதி பேரு "எப்படி அவ்ளோ சாப்டீங்க"ன்னு. ரெண்டுக்கும் சேத்தே பதில் சொல்லிடுறேன்.

எம்.எஸ்., ராயபுரம்: ஜார்ஜ் டவுன்னா நம்ம பாரிமுனைதானே அக்கா? அதுக்கு எதுக்கு பாஸ்போர்ட்டு?

நக்கலு! பேரு ஒண்ணு, ராஜா வேற. நம்ம பாரிமுனைப் பக்கம் இருக்கிறது 1911ல அஞ்சாம் ஜார்ஜ் பேர்ல மாத்துனது, அதுக்கு முன்னாடி பிளாக் டவுன்னு இருந்துச்சு. பினாங்குல இருக்கிறது மூணாம் ஜார்ஜ், 1786ல பிரான்சிஸ் லைட்டுன்னு ஒரு ஆளு கிழக்கிந்தியக் கம்பெனிக்காக தீவைப் பிடிச்சப்போ வச்ச பேரு. அப்படிப் பாத்தா நம்மளுதவிட அதுதான் மூத்தது. ஆனா ஒண்ணு சொல்றேன், நீங்க ராயபுரத்துக்காரர்ங்கிறதால உங்களுக்கு அந்த ஊரு ரொம்பப் புதுசா தெரியாது. குறுகலான வாசல், உள்ள போகப் போக நீளம், நடுவுல வானம் தெரியுற முத்தம், கீழ கடை மேல வீடு. சீனக்காரங்க கட்டினது, ஆனா மண்ணடி சந்துல நிக்கிற மாதிரியே ஒரு ஃபீலிங். 2008ல யுனெஸ்கோ மலாக்காவையும் இதையும் சேத்து உலகப் பாரம்பரியப் பட்டியல்ல போட்டுட்டாங்க, அதனால பழைய கட்டடத்த இஷ்டத்துக்கு இடிக்க முடியாது. மண்ணடிய யாரு போடுவா?

கே.பி., திருப்பூர்: விசா, ஃபிளைட் விவரம் ப்ளீஸ்.

சுருக்கமா சொல்றேன், இதெல்லாம் மாறிக்கிட்டே இருக்கும். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர்லேருந்து 30 நாளுக்கு விசா வேண்டாம்னு விட்டிருக்காங்க, ஆனா இது காலக்கெடு போட்டு நீட்டிச்சிக்கிட்டு வர்ற சலுகை, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்குங்க. கிளம்புறதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல ஒரு டிஜிட்டல் வருகை அட்டை நிரப்பணும், அது இலவசம்தான், காசு கேக்குற சைட்டுக்குள்ள போய் மாட்டிக்காதீங்க. சென்னையிலேருந்து பினாங்குக்கு நேரடி விமானம் 2024 டிசம்பர்ல ஆரம்பிச்சாங்க. கோலாலம்பூர் வழியா போறவங்க தீவுக்கு எதிர்க்கரையில இருக்கிற பட்டர்வொர்த் வரைக்கும் ரயில்ல போய் அங்கேருந்து ஃபெரி புடிங்க, தண்ணி மேல ஊரு கிட்ட வர்றத பாக்குறதுக்காகவே நான் அப்படிப் போனேன்.

ஆர்.ஜி., கும்பகோணம்: ஒரே நாள்னா எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்? டைம் போட்டுச் சொல்லுங்கம்மா.

சொல்றேன், ஆனா முதல்ல ஒண்ணு. நான் பண்ணின தப்ப நீங்க பண்ணாதீங்க. நான் வீட்லேருந்து கிளம்பும்போதே பாக்க வேண்டிய இடம் பதினாறுன்னு ஒரு லிஸ்ட் எழுதிக்கிட்டுப் போனேன், சாப்பாட்ட அதுக்கு நடுவுல சொருகிக்கலாம்னு. அந்த ஊர்ல அது நடக்காது. அங்க ஒரு கடை காலையில மட்டும், ஒரு கடை சாயங்காலம் மட்டும், ஒருத்தரு புதன்கிழமை லீவு, ஒருத்தரு போட்டது தீந்தா மூடிட்டுப் போயிடுவாரு. கோயிலும் மசூதியும் எங்கயும் ஓடாது, தள்ளுவண்டி ஓடிடும். அதனால கடை நேரத்த முதல்ல போடுங்க, நடுவுல இருக்கிற சந்துல இடங்களப் பாருங்க. ரெண்டாவது, எதையும் முழு பிளேட்டு சாப்புடாதீங்க. ரெண்டு பேரா போய் ஒரு பிளேட்ட பாதி பாதி. அங்க பிளேட்டே சின்னதுதான், அதுலயும் பாதி.

காலைல 7 மணிக்கு வெளிய வாங்க. மலேசியா நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி, ஆனா சூரியன் லேட்டு, 7 மணிக்கு இன்னும் இருட்டு முழுசா விலகியிருக்காது, அந்த நேரத்துல கோப்பிக்கடையில மட்டும் லைட்டு எரியும். ஒரு கோப்பி, கரியடுப்புல வாட்டின ரொட்டி, அதுக்குள்ள காயான்னு தேங்காப்பால் முட்டை சர்க்கரை சேத்துக் கிண்டின ஜாம், கூட அரைவேக்காட்டு முட்டை ரெண்டு. முட்டைய சின்னக் கிண்ணத்துல உடைச்சு ஊத்தி சோயா சாஸும் மிளகுத்தூளும் போட்டு ரொட்டியத் தொட்டுக்கணும். பாக்க ஒரு மாதிரி கொழகொழன்னு இருக்கும், என் வீட்டுக்காரர் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு, ரெண்டாவது வாய்ல கிண்ணத்த அவரு பக்கம் இழுத்துக்கிட்டாரு.

எட்டரைக்கு வெயில் ஏறுறதுக்குள்ள பழைய பிட் ஸ்ட்ரீட்டு. இப்ப அதுக்கு ஜாலான் மஸ்ஜித் கபித்தான் கெலிங்னு பேரு. இந்த முனையில 1818ல கட்டின செயின்ட் ஜார்ஜ் சர்ச்சு, கொஞ்சம் தள்ளி கருணைத் தாய் குவான் இன்னுக்கு சீனக் கோயில், பக்கத்து குயீன் ஸ்ட்ரீட்ல 1833லேருந்து இருக்கிற மகாமாரியம்மன், அப்புறம் 1801ல தமிழ் முஸ்லிம் வியாபாரிங்க ஆரம்பிச்ச கபித்தான் கெலிங் மசூதி. நாலும் ஒரு கிலோமீட்டருக்குள்ள. சீனக் கோயில்ல ஊதுவத்தி நம்ம ஊரு மாதிரி ஒல்லியா இருக்காது, சிலது ஆள் உயரம், ஒரு நிமிஷம் உள்ள நின்னாலே கண்ணுல தண்ணி வரும். அங்கேருந்து வெளிய வந்து ரெண்டு நிமிஷம் நடந்தா மாரியம்மன் கோயில் நாதஸ்வரம். மசூதிக்குள்ள போக அங்கி தருவாங்க, தொழுகை நேரத்துல போகாதீங்க.

பத்தரைக்கு ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டு. அந்த சைக்கிள் படம் பாத்திருப்பீங்க, சுவத்துல வரைஞ்ச ரெண்டு குழந்தைங்க, சைக்கிள் மட்டும் நிஜ சைக்கிள். எர்னெஸ்ட் ஜக்கரேவிச்னு லிதுவேனியாக்காரரு 2012ல வரைஞ்சாரு. போட்டோ எடுக்க ரேஷன் கடை க்யூ. நான் நிக்கல, பக்கத்து வீட்டுத் திண்ணையில ஒரு பூனையப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டேன். அதே தெருவுல 120ஆம் நம்பர் வீட்லதான் 1910ல சீனத் தலைவர் சுன் யாட் சென் புரட்சிக்குத் திட்டம் போட்டாராம், அங்க கூட்டமே இல்ல. பக்கத்துல கூ கோங்சி, ஒரு குடும்பத்தோட குலக்கோயில். முதல்ல கட்டினது 1901ல எரிஞ்சு போய், திரும்பக் கட்டி 1906ல முடிச்சாங்க. கூரையில இருக்கிற வேலைப்பாட்டப் பாக்க கழுத்து வலிக்கும்.

மத்தியானம் நாசி கண்டார், அதுக்குத் தனியா ஒரு கேள்வி வந்திருக்கு, அங்க சொல்றேன். சாப்டதும் ஒரு மணி நேரமாவது ரூம்ல படுங்க, சொல்லிட்டேன். வெயில விட அந்தப் புழுக்கம்தான் ஆளச் சாய்க்கும். நடக்கும்போதும் ரோட்டுல நடக்காம கடைங்களுக்கு முன்னாடி இருக்கிற கூரை போட்ட நடைபாதையில நடங்க, அதுக்கு காக்கி லிமான்னு பேரு, அஞ்சடின்னு அர்த்தம். என்ன, பாதி எடத்துல பைக்க நிறுத்தி வச்சிருப்பாங்க.

மூணு மணிக்கு பினாங்கு ரோட்டுக்குப் பக்கத்து சந்துல செண்டோல். நின்னுக்கிட்டேதான் சாப்புடணும். பாண்டான் இலைச்சாறு விட்ட பச்சை அரிசிமாவு நெளி, சிவப்பு பீன்ஸ், சீவின ஐஸ், தேங்காப்பால், மேல கருப்பட்டி மாதிரி குலா மலாக்கா பாகு. நம்ம ஊரு இடியாப்பத்துல தேங்காப்பால் ஊத்தினத ஃபிரிட்ஜ்ல மறந்து வச்சிட்ட மாதிரின்னு என் பொண்ணு சொன்னா, சொல்லிட்டு ரெண்டாவது கிண்ணம் கேட்டா. நாலு மணிக்கு பஸ் புடிச்சு ஆயர் ஈத்தாம், கெக் லோக் சிங்கிற பெரிய புத்தர் கோயிலும் லக்சாவும் (புளிப்பு மீன் குழம்புல நூடுல்ஸ், கீழ சொல்றேன்). திரும்பி வந்து ஏழு மணி வாக்குல சூ ஜெட்டி, கடல்ல கம்பு நட்டு கட்டின மரவீடுங்க, சூங்கிற ஒரே குலத்து ஆளுங்க தலைமுறையா இருக்காங்க. அது மியூசியம் இல்ல, வீடு. ஜன்னல்ல எட்டிப் பாக்காதீங்க, ராத்திரி லேட்டா போகாதீங்க. அங்கேருந்து சூலியா ஸ்ட்ரீட்டோ லோரோங் பாருவோ போனா ராத்திரிக் கடைங்க. அவ்வளவுதான் நாளு. பதினாறுல நான் பாத்தது எட்டு.

ஜே.எம்., கடையநல்லூர்: எங்க தாத்தா பினாங்குல நாசி கண்டார் கடையில வேலை பாத்தவரு. அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு வீட்ல யாருக்கும் தெரியல. சொல்ல முடியுமா?

உங்க லெட்டரப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். நாசின்னா சோறு. கண்டார்னா தோள்ல போட்டுத் தூக்குற கம்பு, ரெண்டு பக்கமும் கூடை தொங்கும். ஒரு பக்கம் சோறு, இன்னொரு பக்கம் குழம்பு. நம்ம ஆளுங்க அப்படித் தூக்கிக்கிட்டு துறைமுகத்துல வேலை பாக்குறவங்களுக்கு வித்துருக்காங்க. நேராச் சொன்னா காவடிச் சோறு! அதே ஊர்ல தைப்பூசத்துக்கு லட்சக்கணக்குல ஜனம் கூடி தண்ணீர்மலைக்கு காவடி தூக்குறாங்க, அதே ஊர்ல ராமநாதபுரம், தென்காசி, கடையநல்லூர் பக்கத்து மரைக்காயரும் ராவுத்தரும் சோத்துக் காவடி தூக்கியிருக்காங்க.

இப்ப கம்பு இல்ல, கடைதான். கேம்பல் ஸ்ட்ரீட்ல ஹமீதியான்னு ஒரு கடை 1907லேருந்து இருக்கு. நான் க்யூல நின்னு பாத்தத அப்படியே சொல்றேன். கண்ணாடிக்குப் பின்னாடி இருபது தட்டுக்கு மேல, பொரிச்ச கோழி, கணவாய், மீன் சினை, வெண்டைக்கா, மாட்டுக்கறி, முட்டை. பரிமாறுற அண்ணன் தட்டுல சோத்தக் குமிச்சாரு, நான் கை காட்டினத வச்சாரு. அப்புறம்தான் விஷயமே. கரண்டிய எடுத்து ஒரு சட்டியில கோழிக் குழம்பு, அடுத்ததுல மீன் குழம்பு, அடுத்ததுல கருப்பா ஒண்ணு, அதுக்கடுத்ததுல குருமா, சட்டிக்கு ஒரு வீசு, அஞ்சு செகண்டுகூட ஆகல, ஒரு சொட்டு வெளிய சிந்தல. சோத்தோட அடிவாரம் வரைக்கும் ஊறிடுச்சு. இதுக்கு குவா சம்பூர், கலப்புக் குழம்புன்னு பேரு. இன்னும் வேணும்னா "பாஞ்சிர்"னு சொல்லணும், வெள்ளம்னு அர்த்தம். நம்ம வீட்ல மீன் குழம்பும் கறிக்குழம்பும் ஒரே சோத்துல ஊத்தினா அம்மா கரண்டியாலயே அடிப்பாங்க, அங்க அதுதான் டேஸ்டே. "ஊரு எது"ன்னு தமிழ்ல கேட்டாரு, சொன்னேன், "பசியாறுங்க"ன்னாரு. சாப்புடுங்கன்னு சொல்ல மாட்டாங்க, பசியாறுங்கதான். எவ்ளோ அழகா இருக்கு இல்ல?

மாட்டுக்கறி சாப்புடாதவங்க கலப்புக் குழம்பு ஊத்துறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, ஊத்தினப்புறம் பிரிக்க முடியாது. இன்னொண்ணு, வேற ஒரு கடையில (பேரு வேண்டாம்) பெரிய எறால் ஒண்ணே ஒண்ணு கை காட்டினேன், விலை கேக்கல. பில்லு பாத்தப்போ மூணு பேர் சாப்பாட்டு விலை அந்த எறாலுக்கு மட்டும். எறால், மீன் சினை, பெரிய கணவாய் எல்லாம் சைஸப் பாத்து விலை, தட்டுல விழுறதுக்கு முன்னாடி "பெராப்பா?"ன்னு கேட்டுடுங்க. எவ்வளவுன்னு அர்த்தம். தமிழ்ல கேட்டாலும் சொல்லுவாங்க, எனக்குத்தான் அப்ப வாய் வரல.

வி.எல்., மயிலாப்பூர்: நாங்க சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லவே இல்ல, ஆனா கண்ண மூடிக்கிட்டு சாப்புட முடியாது. லக்சாவுல மீன். சார் குவே தியாவ்னு வறுத்த அரிசி நூடுல்ஸ் ஒண்ணு, அதுல எறாலு, சிப்பி, பல கடையில பன்னிக் கொழுப்பு. கீரை வதக்கல்தானேன்னு கேட்டீங்கன்னா அதுல பெலாச்சான்னு எறால் விழுது இருக்கும். வெறும் காய்தான்னு சொன்னாலும் சம்பல்ல அது ஒளிஞ்சிருக்கும்.

லிட்டில் இந்தியா, அதாவது மார்க்கெட் ஸ்ட்ரீட், குயீன் ஸ்ட்ரீட் பக்கம் போனா தோசை, இட்லி, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் உண்டு, ஆனா அங்க போயும் அதானான்னு நான் கேட்டா கோச்சுக்காதீங்க. சீனக்காரங்க நடத்துற பௌத்த சைவக் கடைங்க நிறைய இருக்கு, வெங்காயம் பூண்டுகூட சேக்க மாட்டாங்க, உங்க வீட்டுப் பாட்டிக்கே அது ஓகே. பாக்க மீனு, கோழி மாதிரியே செஞ்சு வச்சிருப்பாங்க, பயந்துடாதீங்க, எல்லாம் சோயாவும் கோதுமையும்தான். சந்திர மாசத்துல முதல் நாளும் பதினஞ்சாம் நாளும் அந்தக் கடைங்கள்ல கூட்டம் அள்ளும், ஏன்னா அன்னிக்கு நிறைய சீனக்காரங்க சைவம். நம்ம அமாவாச பௌர்ணமி கணக்குதான். அப்புறம் செண்டோல், ஜாதிக்காய் ஜூஸ், புத்து மாயாம் (நம்ம இடியாப்பம், தேங்காப்பூவும் வெல்லச் சர்க்கரையும் போட்டு), அப்போம் (நம்ம ஆப்பம்). முட்டை போடாததான்னு மட்டும் கேட்டுக்குங்க.

டி.ஏ., கூடலூர்: காப்பித்தோட்டத்துக்காரன் கேக்குறேன். அங்க காப்பி எப்படி?

நீங்க திட்டுவீங்க ஐயா. காப்பிக்கொட்டைய சர்க்கரையும் மார்ஜரினும் போட்டு வறுக்குறாங்க, தார் மாதிரி கருப்பா வரும். துணிப்பையில போட்டு வடிகட்டி, தடிமனான பீங்கான் கப்புல. உங்க தோட்டத்து வாசம் அதுல தேடாதீங்க, கிடைக்காது. ஆனா அதுக்குன்னு ஒரு ருசி இருக்கு, சர்க்கரைய கருக்கின வாசம், கடைசி வாய்ல லேசா கசப்பு. எனக்கு நாலாவது கப்புல புடிச்சுது.

ஆர்டர் பண்றதுதான் பரீட்சை. வெறும் "கோப்பி"ன்னா கண்டென்ஸ்டு மில்க் போட்டது. "கோப்பி ஓ"ன்னா பால் இல்ல, சர்க்கரை உண்டு. "கோப்பி ஓ கோசோங்"னா ரெண்டும் இல்ல. "கோப்பி சி"ன்னா இனிப்பில்லாத கெட்டிப்பாலு, சர்க்கரை தனி. பின்னாடி "பெங்"னு சேத்தா ஐஸ். டீக்கும் இதேதான், கோப்பிக்கு பதிலா தே. கோப்பிக்கடைக்கு மலாய்ல கெடாய் கோப்பி, கெடாய்ங்கிறது நம்ம கடைதான். கப்பலுக்கும் காப்பால்னுதான் சொல்றாங்க. கொடுத்தது நாம, குடிக்கிறது அவங்க!

பெயர் வேண்டாம், நாமக்கல்: எனக்கு சுகர் இருக்கு. போலாமா?

போறதப் பத்தி உங்க டாக்டர்தான் சொல்லணும், நான் வாய்க்கு மட்டும் ரெண்டு வார்த்தை தர்றேன். "குராங் மானிஸ்"னா இனிப்பு கம்மி, "கோசோங்"னா இனிப்பே வேண்டாம். கண்டென்ஸ்டு மில்க் போட்டதுல குராங் மானிஸ்னு சொன்னாலும் இனிப்பு இனிப்புதான், அதனால ஓ கோசோங்லயே நில்லுங்க. செண்டோல வேடிக்கை பாருங்க. சாப்பாட்டு நேரத்த மட்டும் தள்ளிப் போடாதீங்க, அந்த ஊர்ல க்யூல நின்னே நேரம் போயிடும், பையில எதாச்சும் வச்சுக்குங்க.

சி.ஆர்., தூத்துக்குடி: லக்சான்னா என்ன? மீன் குழம்புல நூடுல்ஸாமே, கேக்கவே ஒரு மாதிரி இருக்கே?

தூத்துக்குடிக்காரங்க இப்படிச் சொல்லலாமா! பினாங்கு லக்சா தேங்காப்பால் லக்சா இல்ல, புளி லக்சா. நம்ம அயிலை மீனு இருக்கு பாருங்க, சென்னைக்காரங்க கானாங்கெளுத்தின்னு சொல்றது, அந்த இனத்து மீன வேக வச்சு முள்ளெடுத்து உதுத்து, புளிப்புக் குழம்புல கரைய விடுறாங்க. வெள்ளையா தடியா அரிசி நூடுல்ஸ், மேல வெள்ளரிக்கா, அன்னாசிப்பழம், வெங்காயம், மிளகா, புதினா. புங்கா கந்தான்னு இஞ்சி இனத்துல ஒரு ரோஸ் கலர் பூ, அத பொடியா நறுக்கிப் போடுவாங்க, வாசம் பூவா எலுமிச்சையான்னு சொல்லத் தெரியல, அந்தப் பூ இல்லாட்டி லக்சாவே இல்ல. கடைசியா ஒரு கரண்டியில கருப்பா ஜீரா மாதிரி எறால் விழுது வரும், அத உடனே கலக்காதீங்க. முதல்ல ரெண்டு வாய் சும்மா குடிச்சுப் பாருங்க, அப்புறம் கலக்குங்க, ரெண்டும் வேற வேற சாப்பாடு.

நான் ஆயர் ஈத்தாம் மார்க்கெட் பக்கம் சாப்டேன். ஆயர்னா தண்ணி, ஈத்தாம்னா கருப்பு, கருந்தண்ணின்னு ஊரு பேரு. பிளாஸ்டிக் ஸ்டூலு, தலைக்கு மேல தகரம், வேர்த்துக் கொட்டுது, இதுல சூடா புளிக் குழம்பு. மூக்கு ஒழுகுது, நிறுத்த முடியல. முந்தானையில மூணு எடத்துல சொட்டு. இது மட்டும் நான் முழு கிண்ணம் சாப்டேன், அரை பிளேட் சட்டத்த மீறினது இந்த ஒரு எடத்துலதான்.

பி.ஹெச்., சேலம்: மலை ரயிலா, பெரிய புத்தர் கோயிலா? ரெண்டுல ஒண்ணுதான்னா?

ஒரு நாள்னா கோயில். பினாங்கு மலைக்கு 1924லேருந்து கயிறு இழுக்குற ரயில் ஓடுது, 2011ல புது வண்டி போட்டாங்க, மேல காத்து ஜிலுஜிலுன்னு, மேலயே முருகன் கோயில், மசூதி எல்லாம் இருக்கு. ஆனா லீவு நாள்ல க்யூல நின்னீங்கன்னா அரை நாளு அதுலயே போச்சு, ஏற்காடு பாத்தவங்களுக்கு அந்த ஜிலுஜிலு பெரிய விஷயமும் இல்ல. ரெண்டாவது நாள் இருந்தா போங்க.

கெக் லோக் சி 1890ல ஆரம்பிச்சு பகுதி பகுதியா கட்டினது. 1930ல முடிச்ச ஏழடுக்கு கோபுரம் ஒண்ணு, அடி சீன பாணி, நடு தாய்லாந்து, உச்சி பர்மா, மூணு மாமியாருக்கும் கோவம் வராத மாதிரி. மேல வெண்கலத்துல குவான் இன் சிலை 30.2 மீட்டர், 2002ல வச்சது. கீழேருந்து படியேறி வந்தா ரெண்டு பக்கமும் பனியன் கடை, நடுவுல ஆமைக்குளம். கொம்தார் ஸ்டாப்புல 204 பஸ் புடிங்க, அதே பஸ்சுதான் மலை ரயில் அடிவாரத்துக்கும் போகும். சரியான சில்லறை வேணும், மீதி தர மாட்டாங்க. ஊருக்குள்ள சுத்த கேட்னு இலவச பஸ்சே இருக்கு.

எஸ்.எஸ்., புதுச்சேரி: "குடி"யப் பத்தி ஒரு வரிகூட இல்லையே அக்கா?

புதுச்சேரிலேருந்து இந்தக் கேள்வி வரலன்னாதான் ஆச்சரியம். கிடைக்கும் தம்பி. லவ் லேன், சூலியா ஸ்ட்ரீட் பக்கம் பார் இருக்கு, சீனக் கோப்பிக்கடைங்கள்லயும் பீரு கிடைக்கும், மாமாக் கடைங்கள்ல (தமிழ் முஸ்லிம்கள் நடத்துற சாப்பாட்டுக் கடைங்க) கிடையாது. வரி ஜாஸ்தி, உங்க ஊரு விலைய மனசுல வச்சுக்கிட்டுப் போனா நெஞ்சு வலிக்கும். நான் குடிச்சது ஜாதிக்காய் ஜூஸு. 1800ஐ ஒட்டி கம்பெனிக்காரங்க கொண்டு வந்து நட்ட மரம், நாம கொட்டையையும் பத்திரியையும் எடுத்துட்டு மேல் சதைய விட்டுடுறோம், அங்க அந்தச் சதையிலதான் ஜூஸு, ஊறுகா, மிட்டாய் எல்லாம். லேசா துவர்ப்பு, நாக்கு கொஞ்சம் மரத்துப் போற மாதிரி இருக்கும். ராத்திரி தே தாரிக். ஒரு குவளையிலேருந்து இன்னொரு குவளைக்கு கை நீளத்துக்கு இழுத்து ஆத்துறது. நம்ம டீக்கடை மாஸ்டர் தினமும் பண்றதுதான், அவங்க அதுக்குப் பேரு வச்சுட்டாங்க, நாம வைக்கல.

என்.ஏ., நாகூர்: எங்க ஊரு தர்கா மாதிரியே அங்கயும் ஒண்ணு இருக்காமே?

இருக்கு. சூலியா ஸ்ட்ரீட்டும் கிங் ஸ்ட்ரீட்டும் சேர்ற முனையில, பத்தொம்பதாம் நூத்தாண்டு ஆரம்பத்துலேருந்து. ஷாகுல் ஹமீது ஆண்டவர் நினைவா கப்பல்ல போன நம்ம ஆளுங்க கட்டினது. அடக்கம் உங்க ஊர்லதான், அங்க இருக்கிறது நினைவிடம். சின்னது, கடைக்கு நடுவுல ஒட்டிக்கிட்டு இருக்கு. சூலியாங்கிறதே தமிழ் முஸ்லிம்களுக்கு வெள்ளைக்காரன் காலத்துல சொன்ன பேருதான்.

யு.கே., ஓசூர்: அந்த சார் குவே தியாவ எல்லாரும் தூக்கி வச்சுப் பேசுறாங்க. நம்ம ஊரு ஃபாஸ்ட் ஃபுட் கடை நூடுல்ஸுக்கும் அதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? சும்மா பில்டப்பா?

நானும் அப்படித்தான் போனேன். லோரோங் பாருவுல ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பெரியவர் வாணலி முன்னாடி போய் நின்னேன். எனக்கு முன்னாடி பன்னெண்டு ஆர்டரு. நம்ம ஊரா இருந்தா பன்னெண்டையும் ஒரே சட்டியில கொட்டிக் கிண்டிடுவாங்க. அவரு ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு, அதுக்கு மேல போடவே மாட்டேங்கிறாரு. வாணலி புகையுற வரைக்கும் காய விட்டு, பூண்டு, எறாலு, தட்டையான அரிசி நூடுல்ஸ், சோயா தண்ணி ஒரு வீச்சு, உஷ்ஷுன்னு ஒரு சத்தம். நூடுல்ஸ ஓரமாத் தள்ளிட்டு நடுவுல முட்டை, அது பாதி இறுகும்போது மேல பெரட்டு. பயறு முளை, குச்சாய்னு பூண்டு வாசம் அடிக்கிற தாளு, கடைசியில சிப்பி, அது வெந்தும் வேகாமயும் இருக்கணும். ஒரு நிமிஷத்துக்கு மேல கொஞ்சம், அவ்ளோதான், தட்டுல. நிறைய போட்டா சூடு இறங்கி நூடுல்ஸ் தண்ணி விட்டு வெந்து போயிடும், கருகின வாசம் ஏறாது. ருசியே அந்தக் கருகல் வாசம்தான். அதனாலதான் க்யூ, அதனாலதான் யாரும் அவர அவசரப்படுத்தல. நாப்பது நிமிஷம் நின்னேன். பில்டப் இல்ல தம்பி.

பன்னிக் கொழுப்பு வேணாங்கிறவங்க முஸ்லிம் கடைங்கள்ல போடுறத சாப்புடுங்க, கொஞ்சம் குழம்பா இருக்கும், அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

எல்.டி., விருதுநகர்: எவ்ளோ செலவாச்சு? கணக்கு சொல்லுங்க.

விருதுநகரா, கணக்கு கேக்காம விடுவீங்களா! ஒரு ரிங்கிட்டு (அவங்க ஊரு காசு) 20 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலன்னு வச்சுக்குங்க, ஏறும் இறங்கும். கோப்பி ரெண்டு மூணு ரிங்கிட்டு, செண்டோல் அஞ்ச ஒட்டி, லக்சா ஏழு எட்டு, சார் குவே தியாவ் பத்து முன்னப் பின்ன. அந்த எறால தள்ளிட்டுப் பாத்தா ஒரு ஆளுக்கு நாள் முழுக்க சாப்பாட்டுக்கு 50, 60 ரிங்கிட்டுக்குள்ள அடங்கிடுச்சு.

ஒரு வழக்கம் மட்டும் தெரிஞ்சுக்குங்க. கோப்பிக்கடைன்னா எடமும் தண்ணிப் பானமும் ஒருத்தரோடது, சுத்தி இருக்கிற வண்டிங்க வேற வேற ஆளோடது. நீங்க டேபிள்ல உக்காந்துட்டு, வண்டியில போய் டேபிள் நம்பர் சொல்லிட்டு வரணும், கொண்டு வந்து வைக்கும்போதே காசு. ஜூஸு டீ ஆர்டர் எடுக்க வர்ற அம்மா கடைக்கார ஆளு, அவங்ககிட்ட எதாச்சும் வாங்கியே ஆகணும், அதுதான் எடத்துக்கு வாடகை. எனக்கு அது தெரியாம "வேண்டாம், தண்ணி பாட்டில் இருக்கு"ன்னு பையிலேருந்து எடுத்து வச்சேன். அந்தம்மா சீனத்துல என்னமோ சொன்னாங்க, அர்த்தம் புரியல, தொனி நல்லாப் புரிஞ்சுது. ரெண்டு பார்லி வாங்கினதும் சிரிச்சிட்டாங்க.

எம்.கே., காரைக்குடி: வீட்டுக்கு என்ன வாங்கிட்டு வந்தீங்க?

சௌராஸ்தா மார்க்கெட்ல ஜாதிக்கா ஊறுகா ஒரு பாட்டிலு, அப்புறம் தவ் சார் பியான்னு உருண்டை பிஸ்கட்டு ரெண்டு டப்பா. மேல அடுக்கு அடுக்கா மாவு, உள்ள பாசிப்பருப்புப் பூரணம். சில கடையில பன்னிக் கொழுப்பு போட்டு மாவு பிசைவாங்க, மாமியார் சைவம்ங்கிறதால தாவர எண்ணெய்ல செஞ்சதா பாத்து கேட்டு கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து டப்பாவப் பிரிச்சுக் கொடுத்தேன். அத்தை ஒண்ண வாயில போட்டு மென்னாங்க, இன்னொண்ண எடுத்து ரெண்டாப் புட்டு மோந்து பாத்தாங்க. "நம்ம சுழியம்தாண்டி, நல்லாத்தான் இருக்கு. ஆனா இனிப்புல எவன்டி வெங்காயத்த வதக்கிப் போட்டான்?" நிஜமாவே போடுறாங்க, பொரிச்ச சின்ன வெங்காயம். இதச் சொல்றதுக்குள்ள மூணாவது போயிருச்சு.